ஐசியூ வாசலில் ஒரு கேள்வி

திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் போனால் தாழையூத்துக்கு அடுத்து கங்கைகொண்டான். ராஜேந்திர சோழனின் பட்டத்தைப் பெயராகச் சுமக்கும் ஊர். சிற்றாற்றங்கரையில் பழைய கைலாசநாதர் கோயில், ஒரு ரயில்வே ஸ்டேஷன், 2013-ல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம், இவற்றோடு சிப்காட். டயர் கம்பெனி, சோலார் கம்பெனி என்று ஷிஃப்ட் விடும் நேரத்தில் பைக்குகள் கூட்டமாக நான்குவழிச் சாலைக்கு வந்து சேரும். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. ஆம்னி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் வேகம் குறையாமல் போகிற அதே தாரில், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களும் போகிறார்கள்.

இந்தப் பக்கம் தலையில் பெரிய அடி என்றால் 108 வண்டி போய் நிற்கும் இடம் பெரும்பாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிதான். அரசுக் காகிதங்களில் அது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 1965-ல் வந்தது. ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் ஹைகிரவுண்ட்.

உறுப்பு தானத்தைப் பற்றிய பேச்சை இப்படி ஓர் ஆஸ்பத்திரியின் தலைக்காய வார்டிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். பேரணி, உறுதிமொழி, மாரத்தான் ஓட்டம், மனிதச் சங்கிலி எல்லாம் மறுநாள் பேப்பரில் படம் வரப் பயன்படும். எண்ணிக்கையைக் கூட்டுகிற காரியம் வேறு இடத்தில், ராத்திரி டூட்டி பார்க்கிற டாக்டரின் கையில் நடக்கிறது.

எண்ணிக்கையே அதைச் சொல்கிறது. கொரோனா வந்த 2020-ல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுத்தவர்கள் 55 பேர். 2021-ல் 60. 2022-ல் 156 ஆனது. 2023-ல் 178. 2024-ல் ஒரே தாவாக 268. அந்த ஆண்டு இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் இந்த எண்ணைத் தொடவில்லை. நான்கே வருடத்தில் தமிழர்களின் மனசு ஐந்து மடங்கு இளகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொடுக்கிற மனசு முன்பும் இருந்தது. கேட்கிற ஆள் இல்லை. கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய பரிசோதனைகளைச் செய்ய ஆஸ்பத்திரிகள் தயாராக இல்லை. இப்போது மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கு, மாற்று அறுவை சிகிச்சை செய்யாவிட்டாலும் உறுப்பை எடுத்துக் கொடுக்க உரிமம் கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் நோயாளி சென்னையிலோ மதுரையிலோ பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் இந்தப் பேச்சே எழும்.

இந்த இடத்துக்கு வந்து சேரத் தமிழ்நாடு நடந்த பாதை அவ்வளவு பெருமையானது அல்ல.

1971-ல் வேலூர் சிஎம்சியில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது. எண்பதுகளில் அந்த வித்தை பரவியது. கூடவே தரகர்களும் பரவினார்கள். கடன்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகத்தை விற்றதால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே ஒரு பட்டப்பெயர் விழுந்தது. 1994-ல் மத்திய அரசு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விற்பதும் வாங்குவதும் குற்றம் என்றது சட்டத்தின் ஒரு பாதி. மூளைத்தண்டு செத்தால் அதுவும் மரணமே என்று ஒப்புக்கொண்டது இன்னொரு பாதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். ஆகஸ்ட் 3 தேசிய உறுப்பு தான நாளாகக் கொண்டாடப்படுவது அதனால்தான்.

சட்டம் வந்தும் தரகர்கள் போகவில்லை. சுனாமிக்குப் பிறகு எண்ணூர் பக்கம் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களிலும் அதே கதை நடந்தது. அந்த அவமானம்தான் 2008-ல் மாநில அரசை உலுக்கியது. உயிரோடு இருப்பவரிடம் வாங்குவதைக் குறைக்க வேண்டுமானால் இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதைக் கூட்டியாக வேண்டும் என்ற கணக்கு அப்போது போடப்பட்டது. டாக்டர் ஜெ. அமலோற்பவநாதன் ஒருங்கிணைப்பாளராக இருக்க, அடுத்தடுத்து அரசாணைகள் வந்தன. மூளைச்சாவை யார் சான்றளிப்பது, எந்த உறுப்பு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும், வரிசையில் யார் முதல், பிரேதப் பரிசோதனை எப்படி என்று எல்லாம் எழுத்தில் வந்தது. 1997-லேயே டாக்டர் சுனில் ஷ்ராஃப் சென்னையில் தொடங்கியிருந்த மோகன் ஃபவுண்டேஷன், குடும்பத்தாரிடம் பேசுவதற்கு ஆட்களைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தது.

அதே 2008 செப்டம்பரில்தான் ஹிதேந்திரனின் விபத்தும் நடந்தது. திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியின் மகன். வயது 15. பைக் விபத்தில் மூளைச்சாவு. பெற்றோர் இருவரும் டாக்டர்கள் என்பதால் யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே கொடுக்க முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போக்குவரத்துப் போலீஸ் வழிவிட்டுக் கொடுக்க, 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. பின்னால் மலையாளத்தில் 'டிராஃபிக்', தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' என்று படமே வந்துவிட்டது. எல்லோருக்கும் அந்த 11 நிமிடம் நினைவிருக்கிறது. இதயம் எந்தச் சிறுமிக்குப் போக வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்கெல்லாம் அதே மாதத்தில் அரசாணைகள் தயாராகிக்கொண்டிருந்தன என்பது மட்டும் யார் நினைவிலும் தங்கவில்லை. அரசாணைக்கு யார் படம் எடுப்பார்கள்?

ஹைகிரவுண்டுக்கே திரும்பலாம். அங்கே, அல்லது எந்த அரசு ஆஸ்பத்திரியிலும், ஐசியூவுக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களிடம் இந்தச் செய்தியைச் சொல்வதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை. அவர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நெஞ்சு துடிக்குல்லா டாக்டர், உடம்பு சூடா இருக்குல்லா, பெறவு எப்படிச் செத்துட்டான்னு சொல்லுதிய?"

நியாயமான கேள்வி. இதயம் தனக்கென்று ஒரு மின்சாரம் வைத்திருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கிறவரை மூளையின் உத்தரவு இல்லாமலே கொஞ்ச காலம் துடிக்கும். அந்த ஆக்சிஜனை நுரையீரலுக்குள் தள்ளுவது வென்டிலேட்டர். மூச்சுவிடச் சொல்லும் மூளைத்தண்டோ செத்துவிட்டது. கோமாவில் கிடப்பவரின் மூளைத்தண்டு உயிரோடு இருக்கும். அவர் எழுந்திருக்க வாய்ப்பு உண்டு. மூளைச்சாவிலிருந்து எழுந்தவர் கிடையாது. கோமாவில் வருடக்கணக்கில் கிடந்தவர் கண்விழிக்கும் சினிமாக் காட்சிகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டதில், வார்டில் பேசுகிறவர்களின் வேலை இரட்டிப்பாகிவிட்டது.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். கண்ணில் டார்ச் அடித்துப் பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். கருவிழியைப் பஞ்சால் தொட்டு இமை அசைகிறதா என்று பார்ப்பார்கள். காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டு விழி நகர்கிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் வென்டிலேட்டரை நிறுத்தி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற உடம்பு தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறதா என்று காத்திருப்பார்கள். இத்தனையும் ஒரு முறை செய்தால் போதாது. குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பைப் பொருத்தப் போகிற குழுவைச் சேர்ந்த ஒருவரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. 'கிட்னிக்காகச் சீக்கிரம் செத்ததாகச் சொல்லிவிடுவார்கள்' என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் கடைசி விதியை மட்டுமாவது தெரிந்துகொள்ளலாம்.

அதற்கப்புறம்தான் கேள்வி. 2011-ல் திருத்தப்பட்ட சட்டம், கேட்பதை ஆஸ்பத்திரியின் கடமையாகவே ஆக்கிவிட்டது. கேட்கிறவர் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர்; வார்டில் 'கோஆர்டினேட்டர்' என்றால்தான் தெரியும். இறந்துவிட்டார் என்பதைக் குடும்பம் உள்வாங்கிய பிறகே தானத்தைப் பற்றி வாயெடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும். 'வேண்டாம்' என்று சொன்னாலும் அது அவர்கள் உரிமை. அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

சரி என்று சொன்ன குடும்பம் அடுத்து மாட்டிக்கொள்வது பிரேதப் பரிசோதனையில். சாலை விபத்து என்றால் போலீஸ் வழக்கு. விபத்து நடந்த எல்லை ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரணை செய்து காகிதம் எழுத வேண்டும். முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் பிரேதப் பரிசோதனை கிடையாது. உறுப்புகளைக் கொடுத்துவிட்டு உடலுக்காக விடிய விடிய சவக்கிடங்கு வாசலில் நின்ற குடும்பங்கள், அடுத்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்லியிருக்கும்? 'கொடுக்காதீய' என்றுதான். 2021 நவம்பர் 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், உறுப்பு தானம் நடந்திருந்தால் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று விதியை மாற்றியது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடர்ந்த வழக்கம் அன்றோடு உடைந்தது. பேப்பரில் ஒரு நாள் செய்தியாக வந்து போனது. ஆயிரம் விழிப்புணர்வுப் போஸ்டருக்குச் சமமான காரியம் என்று தயங்காமல் சொல்லலாம்.

2023 செப்டம்பர் 23 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அடுத்த அறிவிப்பை வெளியிட்டார். உறுப்பு தானம் செய்து இறப்பவர்களின் இறுதிச் சடங்கு இனி அரசு மரியாதையுடன் நடக்கும். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே தேனி மாவட்டம் சின்னமனூரில் ஒரு வருவாய்த்துறை ஊழியருக்கு அமைச்சர் மா. சுப்பிரமணியன் நேரில் போய் மாலை வைத்தார். அடுத்த சில மாதங்களில் ஒடிசா அரசும் இதையே அறிவித்தது.

சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் இது வெறும் சடங்கு. தெற்கத்தி மாவட்டங்களில் அப்படி அல்ல. இங்கே சாவு வீட்டில் மரியாதை என்பது பெரிய விஷயம். நீர்மாலைக்கு யார் வந்தார்கள், கோடி யார் போட்டார்கள், சம்பந்தி வீட்டு மாலை எப்போது வந்தது என்பதெல்லாம் பத்து வருடம் கழித்தும் பேசப்படும். அகாலத்தில் இறந்தவர்களுக்குப் பீடம் எழுப்பிக் கொடை கொடுக்கிற மண் இது. துர்மரணம் என்றால் அந்த ஆன்மா அலையும் என்ற பயமும் சேர்ந்தே இருக்கிற மண். விபத்தில் போன பையனின் உடலுக்கு முன்னால் கலெக்டரோ ஆர்டிஓவோ வந்து மலர்வளையம் வைத்துத் தலைகுனிந்து நிற்பதை அந்தத் தெரு முழுக்கப் பார்க்கிறது. 'கூறு போட்டுக் கொடுத்துட்டாவளே' என்று முணுமுணுக்க நினைத்த வாய் அந்தக் காட்சியில் அடைத்துப்போகும். எந்தத் தெருவாக இருந்தாலும், இறந்தவர் எந்தச் சாதியாக இருந்தாலும் அதிகாரி அந்த வாசலுக்குத்தான் போயாக வேண்டும். மயானத்துக்குப் போகிற பாதைக்கே சண்டை நடந்திருக்கும் மாவட்டத்தில் அது சின்ன விஷயமா?

அறிவிப்பு வந்ததற்கு மறுநாள், 2023 செப்டம்பர் 24 அன்று, நெல்லைக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது என்பது தற்செயல். ஆனால் ஒரு கணக்குக்கு உதவும். அந்த வேக ரயிலுக்கே சென்னை போய்ச் சேர ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது. உடம்பிலிருந்து எடுத்த இதயம் நான்கு மணி நேரம் தாங்கும், இழுத்துப் பிடித்தால் ஆறு. கல்லீரலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. சிறுநீரகம் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கும். ஆகவே நெல்லையில் கொடுக்கப்படும் இதயம் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் விமானம் ஒன்றே வழி. பக்கத்தில் இருப்பது வாகைக்குளம், அதாவது தூத்துக்குடி விமான நிலையம். 2025 ஜூலையில் அங்கே ஓடுபாதையை நீட்டிப் புது முனையத்தைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். வியாபாரிகளும் துறைமுகத்துக்காரர்களும் கேட்டு வந்தது அது. உறுப்பு கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்கும் அதனால் லாபம்.

சிறுநீரகத்துக்கு இந்த ஓட்டமெல்லாம் தேவையில்லை. 2019 ஜனவரி 27 அன்று மதுரை எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டிய கையோடு மதுரை, தஞ்சாவூர், நெல்லை மருத்துவக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடங்கள் திறக்கப்பட்டன. ஹைகிரவுண்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கும் வழி பிறந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் ஊசிக்குக் கை நீட்டும் வள்ளியூர்க்காரருக்கும் சங்கரன்கோவில்காரருக்கும், மதுரைக்குப் பஸ் ஏறுவதற்கும் பாளையங்கோட்டையில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புரியாது. கூட வருகிற மனைவிக்குப் புரியும்.

யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியை எழுப்பாமல் இந்த விஷயத்தைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. கொடுப்பவர்களில் பலர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த டூவீலர்காரர்கள், கொத்தனார்கள், சித்தாள்கள். இதயமும் நுரையீரலும் பொருத்தும் வசதி பெரும்பாலும் சென்னைத் தனியார் ஆஸ்பத்திரிகளில். ஏழை கொடுத்துப் பணக்காரன் வாங்குகிறான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முழுதும் பொய்யும் இல்லை, முழுதும் உண்மையும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்த உறுப்பை முதலில் அரசு ஆஸ்பத்திரி வரிசைக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாக இருப்பதில் உறுப்பு மாற்றுக்கும் பணம் உண்டு. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த திண்டுக்கல் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இறந்தவரின் கைகளைப் பொருத்தியது. ஒரு பைசா வாங்கவில்லை. இதெல்லாம் தராசின் ஒரு தட்டு. இன்னொரு தட்டில், வரிசையில் பெயர் சேர்க்கவே பரிசோதனை மேல் பரிசோதனை செய்ய வசதி வேண்டும் என்ற உண்மை உட்கார்ந்திருக்கிறது. பதிவே செய்யாதவர் காத்திருப்போர் கணக்கில் வருவதில்லை.

பெண்களின் கணக்கு இன்னும் மோசம். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்றுகளைத் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு (நோட்டோ) எண்ணிப் பார்த்தபோது, உறுப்பு பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள் என்று தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது கொடுப்பவர்களிலோ பெண்கள்தான் அதிகம். கணவனுக்கு மனைவி, மகனுக்கு அம்மா, தம்பிக்கு அக்கா. மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானால் எத்தனை வீட்டில் கணவன் முன்வருகிறான்? இதற்கு அரசாணை போட முடியாது. இறந்தவர்களிடமிருந்து கிடைப்பது கூடக் கூட, வீட்டுப் பெண்கள் மேல் விழும் இந்த வற்புறுத்தல் குறையும் என்பதையாவது சொல்லலாம்.

வற்புறுத்தல் இல்லாவிட்டால் தரகன். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கந்துவட்டிக் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற விவகாரம் வெடித்தது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் மாற்று அறுவை சிகிச்சை உரிமத்தை அரசு நிறுத்தியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்பு விசாரணைக் குழு அமைத்தது. வில்லிவாக்கம் கதை முடிந்து முப்பது வருடம் ஆனபின் அதே காட்சி, தறி மட்டும் புதுசு. இதில் பாதிக்கப்பட்டவர்கள் விற்றவர்கள் மட்டும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு கிட்னித் திருட்டுச் செய்திக்குப் பிறகும் எங்கோ ஒரு ஐசியூ வாசலில் ஒரு பெரியவர், 'அதெல்லாம் வேண்டாம்மா, பேப்பர்ல பாத்தீயல்ல' என்று சொல்லிவிடுகிறார். தரகனைப் பிடித்து உள்ளே போடுவதும் உறுப்பு தான விழிப்புணர்வு வேலைதான். அரசு அதை அந்தத் தலைப்பில் செலவு எழுத மாட்டேன் என்கிறது.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் ஸ்பெயினைக் காட்டுவார்கள். அங்கே பத்து லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஐம்பது கொடையாளர்கள். தமிழ்நாட்டின் 268-ஐ மக்கள்தொகையால் வகுத்தால் மூன்றரை வரும். இந்தியா முழுக்கப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. ஸ்பெயினில் 1979-லேயே, மறுப்பு எழுதி வைக்காதவர் எல்லோரும் சம்மதித்தவரே என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நாமும் போட்டால் என்ன என்று ஒரு கட்சி எப்போதும் வாதாடும். அந்த நாட்டின் உறுப்பு மாற்று அமைப்பை 1989-லிருந்து கட்டி எழுப்பிய டாக்டர் ரஃபேல் மதேசான்ஸ் இதை ஏற்கவே மாட்டார். சட்டம் வந்த பிறகும் பத்து வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஐசியூ டாக்டர் ஒருவரையே ஒருங்கிணைப்பாளராக வைத்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது என்பது அவர் வாதம். சட்டம் எப்படி இருந்தாலும் அங்கேயும் குடும்பத்தைக் கேட்கிறார்கள். குடும்பம் மறுத்தால் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. 'ஆஸ்பத்திரிக்குப் போனா கேக்காமலே எடுத்துருவாவ' என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், பதினைந்து வருட உழைப்பு ஒரே வாரத்தில் காலி.

நம் சட்டத்திலும் உறுதிமொழிக்கு ஒரு படிவம் உண்டு. ஏழாம் எண். நீங்கள் கையெழுத்துப் போடுவது அதில். ஆதாரை வைத்து இணையத்திலேயே உறுதிமொழி பதியும் வசதியும் 2023-லிருந்து இருக்கிறது. ஆனால் இறந்தபின் உங்கள் குடும்பம் கையெழுத்துப் போடுவது எட்டாம் எண் படிவத்தில். ஏழு இருந்தாலும் எட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஏழு இல்லாமல் எட்டு மட்டும் இருந்தால் நடக்கும். இத்தனை வருட விழிப்புணர்வுக் கூட்டங்கள் ஏழாம் படிவத்தைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்தன. அட்டையைப் பர்ஸில் வைத்திருப்பவரின் மனைவிக்கு அப்படி ஓர் அட்டை இருப்பதே தெரியாமல் போன கதைதான் அதிகம்.

கூட்டம் என்றதும் ஒரு பக்கக் குறிப்பு. மேடையில் கண்ணப்ப நாயனாரும் சிபிச் சக்கரவர்த்தியும் வராத உறுப்பு தானக் கூட்டம் தமிழ்நாட்டில் நடந்ததாகத் தெரியவில்லை. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து இலங்கையில் இதே கதை பெரிய வேலை பார்த்தது. சிபி கதையின் பௌத்த வடிவத்தில் அரசன் கொடுப்பது சதையை அல்ல, கண்களை. மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா 1958-ல் பத்திரிகையில் கண் கேட்டு எழுதி, 1961-ல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். சின்னத் தீவு, தன் தேவை போக மிஞ்சிய கருவிழிகளைப் பல நாடுகளுக்கு அனுப்பும் நாடாக மாறியது. 'கண்ணைக் கொடுத்தா அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பான்' என்று இங்கே சொல்கிறார்கள். கொடுத்தால் அடுத்த பிறவிக்குப் புண்ணியம் என்று அங்கே சொன்னார்கள். மறுபிறவி நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றே.

கங்கைகொண்டானில் இருப்பவருக்கு, உண்மையைச் சொன்னால், இதயம், கல்லீரல் கொடுக்கும் சந்தர்ப்பம் வருவது அபூர்வம். அதற்கு வென்டிலேட்டரில் மூளைச்சாவு நிகழ வேண்டும். வீட்டில், வயதாகி, கட்டிலில் இறப்பவரிடமிருந்து அவற்றை எடுக்க முடியாது. பலர் உறுப்பு தானத்தை உடல் தானத்தோடு போட்டுக் குழப்புவார்கள். உடல் தானம் மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காகக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குக் கொடுப்பது. 2024 செப்டம்பரில் மார்க்சிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது அப்படித்தான்.

வீட்டில் இறந்தாலும் எல்லோரும் கொடுக்கக்கூடியது கண். அதற்கு நெல்லைச் சீமையில் குறையே இல்லை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், 1988-ல் திருநெல்வேலிக்கு வந்தது. அங்கிருந்து கங்கைகொண்டானுக்கு அரை மணி நேரப் பயணம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கால் மணி, இருபது நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முகம் விகாரமாகாது. நீர்மாலைக்கும் தாமதமாகாது. எண்பது வயதானவரும் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர், யாருக்கும் தடையில்லை. வெறிநாய்க்கடி, எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமி போன்றவற்றால் இறந்தால்தான் எடுக்க மாட்டார்கள். ரத்த வகை பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. வருகிறவரை ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டால் போதும்.

உறுப்பு தானம் பற்றி எது கேட்க வேண்டுமானாலும் தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கட்டணமில்லா எண் 1800 11 4770. பதிவு செய்கிறவர்கள் செய்யுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, எட்டாம் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிற ஆளிடம் உங்கள் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 'வாயக் கழுவு' என்று திட்டு விழும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அப்படியே அந்த ஹெல்மெட்டையும் டேங்க்மேல் வைக்காமல் தலையில் போடுங்கள்.